லீவன் ஏரியின் இறையிலி நிலமும் மூன்று ஊழ்மகளிரும்

ஸ்காட்லாந்தின் கின்ராஸ் வட்டாரத்தில் உள்ள லீவன் ஏரியின் நடுவே, செயின்ட் சர்ஃப் என்னும் துறவியின் பெயரைத் தாங்கிய சிறு தீவொன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் அத்தீவில் 'கல்டீ' எனப்பட்ட துறவியர் வாழ்ந்தனர். கேலிக் மொழியில் கடவுளின் அடியார் என்று பொருள்படும் தொடரின் திரிபே அப்பெயர். அவர்களுக்குக் கிர்க்னஸ் என்ற நிலம், பாலம் பழுதுபார்க்கும் ஊழியமும் படைக்கு ஆள் அனுப்பும் கடமையும் வேட்டைக்கு உடன்போகும் கடமையும் நீக்கி, பக்தியின் பொருட்டும் அவர்தம் வேண்டுதலின் பொருட்டும் கொடுக்கப்பட்டதாக லத்தீன் ஆவணக் குறிப்பொன்று கூறுகிறது. கோயில் கல்வெட்டுகளைப் படித்துப் பழகிய தமிழர் இதை இறையிலி நிலம் என்று உடனே அடையாளம் கண்டுகொள்வார். கொடுத்தவர்களாக அக்குறிப்பு இருவரைச் சொல்கிறது: ஃபின்லேயின் மகன் மாக்பெத், போடேயின் மகள் குரூவொக், ஸ்காட்டியரின் அரசனும் அரசியும்.

ஏறத்தாழ 1420ஆம் ஆண்டில் அதே தீவின் மடத்துக்குத் தலைவராக இருந்த ஆண்ட்ரூ ஆஃப் விண்டன் என்பவர், ஸ்காட்லாந்தின் வரலாற்றைச் செய்யுள் நடையில் எழுதினார். மாக்பெத்தின் கனவில் மூன்று பெண்கள் தோன்றி அவன் அரசனாவான் என்று சொன்ன கதை, அந்நூலில்தான் முதன்முதலாகக் காணக் கிடைக்கிறது. நிலம் கொடுத்த அரசனை ஊழின் கைப்பாவையாகவும் பேயின் மகனாகவும் பேசும் கதைகளை, அந்த நிலத்தைப் பெற்ற மடமே எழுதி வைத்தது என்பதை நன்றிகேடு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. மாக்பெத்தின் ஆட்சியில் நாடு செழித்திருந்ததையும் விண்டன் மறைக்கவில்லை. ஆனால் அவருக்கு முன்பும் பின்பும் எழுதியவர்களுக்கு வேறு தேவைகள் இருந்தன. ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நாடகம் அத்தேவைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட ஐந்தரை நூற்றாண்டுக் கட்டுமானத்தின் மேல்தளம் என்பதும், அதன் அடித்தளத்தில் இருக்கும் அரசனை அடையாளம் காண்பது அத்தனை எளிதல்ல என்பதும் நாடகத்தை மட்டும் படிப்பவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

அந்த அடித்தளத்தைப் பற்றி முதலில் பார்க்க வேண்டும். 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கென்னத் மாக் ஆல்பின் வழிவந்தோரிடையே, பட்டம் தந்தையிடமிருந்து மூத்த மகனுக்குச் செல்லும் முறை நிலைபெற்றிருக்கவில்லை. அரச குலத்தின் ஆண்மக்களுள் வயதும் வலிமையும் ஆதரவும் உள்ள ஒருவர் முடிசூடுவதும், பட்டம் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு மாறி மாறிச் செல்வதும் வழக்கமாக இருந்தன. இம்முறையை வரலாற்றாசிரியர்கள் 'டானிஸ்ட்ரி' என்று அழைக்கின்றனர். சிறுவனொருவன் அரியணையில் அமர்ந்து நாடு நலிவதை இம்முறை தடுத்தது. அதற்கு ஈடாகத் தாயாதிப் பகையை நாட்டின் நிரந்தர நோயாக்கியது. 954 முதல் 1005 வரை இறந்த அரசர்களுள் பெரும்பாலோர் கொலையுண்டோ போரில் வீழ்ந்தோ இறந்தவர்கள். 1034இல் இறந்த இரண்டாம் மால்கம் இந்த வழக்கத்தை உடைத்துத் தன் மகள் வயிற்றுப் பேரனான டங்கனுக்குப் பட்டம் கிடைக்கச் செய்தான். டங்கனின் தந்தை கிரினான், டங்கெல்ட் மடத்தின் தலைவர்.

மாக்பெத் வடக்கே இருந்த மோரே நாட்டின் 'மார்மேர்'. கேலிக் மொழியில் பெருங்காரியக்காரன் என்பதற்கு நெருங்கிய இச்சொல், பெயரளவில் அரசனுக்குக் கட்டுப்பட்டும் நடைமுறையில் தன்னாட்சி செலுத்தியும் வந்த குறுநிலத் தலைவனைக் குறிக்கும். அவனுடைய தந்தை ஃபின்லே 1020இல் தன் அண்ணன் தம்பி மக்களாலேயே கொல்லப்பட்டான். அவ்வாறு தலைமைக்கு வந்த கிளையைச் சேர்ந்த கில்லகோம்கன் என்பவன் 1032இல் ஐம்பது பேருடன் எரித்துக் கொல்லப்பட்டதாக அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்புகள் சொல்கின்றன. ஆண்டுக்குறிப்பு என்பது ஐரிஷ் மடங்களில் ஆண்டுதோறும் நிகழ்ந்தவற்றை இரண்டொரு வரியில் எழுதிவைத்த ஏடு; அது காரணம் சொல்வதில்லை, கண்ணீர் விடுவதுமில்லை. எரித்தவர் யார் என்பதும் அதில் இல்லை. எரிந்தவனின் மனைவி குரூவொக்கைப் பின்னர் மாக்பெத் மணந்தான் என்பதும், அவளுக்கு முதல் கணவன் மூலம் லூலாக் என்ற மகன் இருந்தான் என்பதும், குரூவொக்கும் ஆல்பின் குலத்து அரசர் ஒருவரின் பேத்தியே என்பதும் மட்டும் தெளிவு. எனவே 1040இல் அரியணையை நோக்கி நடந்தது ஓர் அந்நியனின் பேராசை அன்று. பட்டத்துக்கு உரிமை பேசக்கூடிய ஒரு கிளையும் அவ்வுரிமையில் தனக்கும் பங்குள்ள ஒரு பெண்ணும் அதில் இருந்தனர்.

டங்கனைப் பற்றி நாடகம் தரும் சித்திரம், நரைத்த தலையும் நம்பும் மனமும் கொண்ட முதியவன். ஆண்டுக்குறிப்புகளோ அவன் முதிராத வயதில் தன் ஆட்களாலேயே கொல்லப்பட்டதாகக் கூறுகின்றன. அவன் இங்கிலாந்தின் டரம் நகரை முற்றுகையிட்டுத் தோற்றான். வீழ்ந்த ஸ்காட்டியரின் தலைகள் அந்நகரின் சந்தைவெளிக்குக் கொண்டுவரப்பட்டுக் கழிகளில் நடப்பட்டன. பிறகு வடக்கே மோரேக்குள் படையுடன் புகுந்த அவன், 1040 ஆகஸ்டு மாதத்தில் எல்ஜினுக்கு அருகே கொல்லனின் குடில் என்று பொருள்படும் பெயருடைய ஓரிடத்தில் இறந்தான். ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தில் வாழ்ந்த மரியானுஸ் ஸ்காட்டஸ் என்ற ஐரிஷ் துறவி, மாக்பெத் வாழ்ந்த காலத்திலேயே வாழ்ந்தவர்; டங்கனைக் கொன்றவன் அவனுடைய படைத்தலைவன் மாக்பெத் என்று அவர் எழுதுகிறார். விருந்தினனாக வந்து உறங்கியவனைக் கத்தியால் குத்திய செய்தி அக்காலத்தவர் யாரிடமும் இல்லை. படையெடுத்து வந்தவன் படையெடுக்கப்பட்டவனால் வீழ்ந்தான் என்பதே சான்றுகள் காட்டும் நிலை.

அதன்பின் மாக்பெத் பதினேழு ஆண்டுகள் ஆண்டான். முந்தைய நூறாண்டுகளின் கணக்கில் அது நீண்ட ஆட்சி. 1045இல் டங்கனின் தந்தை கிரினான் எதிர்த்து எழுந்து நூற்றெண்பது பேருடன் மடிந்தார் என்பதைத் தவிர உள்நாட்டுக் கலகம் பற்றிய குறிப்பு பெரிதாக இல்லை. 1050இல் அவன் ரோம் நகரம் சென்று, ஏழைகளுக்குக் காசுகளை விதை தூவுவதுபோல் இறைத்தான் என்று மரியானுஸ் பதிவு செய்கிறார். உறவினரின் வாளுக்கு அஞ்சியே வாழ்ந்த அரச மரபில், ஓர் அரசன் நாட்டை விட்டு மாதக்கணக்கில் யாத்திரை போய்த் திரும்பவும் அரியணையில் அமர முடிந்தது என்பதே அவன் ஆட்சியின் உறுதிக்கு வேறெந்தப் புகழுரையையும்விட நல்ல சான்று. 1052இல் இங்கிலாந்திலிருந்து துரத்தப்பட்ட நார்மானியர் சிலர் அவனிடம் புகலிடம் பெற்றதும் இதையே காட்டுகிறது.

அவனுடைய வீழ்ச்சி தெற்கிலிருந்து வந்தது. 1054 ஜூலை 27 அன்று நார்த்தம்பிரியாவின் ஏர்ல் சிவார்ட் நடத்திய படையெடுப்பில், ஸ்காட்டியர் 3,000 பேரும் ஆங்கிலேயர் 1,500 பேரும் மடிந்ததாக அல்ஸ்டர் குறிப்பு சொல்கிறது. சிவார்டின் மகனும் அங்கே இறந்தான். ஆனால் மாக்பெத் இறக்கவில்லை. மேலும் மூன்றாண்டுகள் ஆண்டு, 1057 ஆகஸ்டில் அபர்டீனுக்கு மேற்கேயுள்ள லம்ஃபனன் என்ற இடத்தில் டங்கனின் மகன் மால்கமின் கையில் வீழ்ந்தான். அப்போதும் பட்டம் மால்கமுக்குக் கிடைக்கவில்லை. மோரே தரப்பினர் குரூவொக்கின் மகன் லூலாக்கை அரசனாக்கினர். அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில் அவனும் கொல்லப்பட்ட பிறகே மூன்றாம் மால்கம் முழு நாட்டுக்கும் அரசனானான். நாடகத்தில் லூலாக் இல்லை. 1054, 1057 ஆகிய இரு நிகழ்ச்சிகளும் ஒரே பிற்பகலில் முடிந்துவிடுகின்றன.

மால்கமின் வழிவந்தோர் 13ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஆண்டனர். அவ்வளவு காலமும் மோரேயின் பழைய உரிமை அவர்களை உறுத்திக்கொண்டே இருந்தது. லூலாக்கின் மகள்வழிப் பேரன் ஆங்கஸ் 1130இல் கலகம் செய்து, ஸ்ட்ராக்காத்ரோ என்னுமிடத்தில் கொல்லப்பட்டான். இத்தகைய போட்டி இருக்கும்போது, மாக்பெத்தை முறையான அரசர் வரிசையில் ஒருவனாக வைத்துப் பேசுவது ஆள்வோருக்கு உகந்ததாக இருந்திருக்காது. தந்தைக்குப் பின் மகன் என்னும் வாரிசு முறை வேரூன்றியதும், அம்முறை ஆதிகாலந்தொட்டே இருந்தது என்று நம்பத் தொடங்கிய பிற்கால ஆசிரியர்களின் கண்ணுக்கு, டானிஸ்ட்ரி முறையில் வந்த அரசன் அபகரிப்பவனாகத் தெரிந்தான். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய ஜான் ஆஃப் ஃபோர்டன் மாக்பெத்தைக் கொடுங்கோலனாக்கி, அவனுக்கு எதிராக மாக்டஃப் என்ற பிரபுவையும் நிறுத்தினார். ஐம்பதாண்டுகளுக்குள் விண்டனின் நூலில் மூன்று பெண்களும், நடந்து வரும் காடும் வந்து சேர்ந்தன.

இந்த வரிசையில் துணிச்சல் மிகுந்தவர் ஹெக்டர் போயிஸ். அபர்டீனில் கிங்ஸ் கல்லூரியின் முதல் தலைவராக இருந்த இவர், 1527இல் பாரிஸில் அச்சான தம் லத்தீன் வரலாற்றில், முந்தைய எந்த ஏட்டிலும் இல்லாத பாங்க்வோ என்ற பிரபுவையும் ஃபிளீன்ஸ் என்ற அவன் மகனையும் கொண்டுவந்தார். இதன் பயன் அன்று ஆண்டுகொண்டிருந்த ஸ்டூவர்ட் குலத்துக்குப் போயிற்று. ஸ்டூவர்ட் என்பது முதலில் குலப்பெயரே அன்று. அரண்மனைக் காரியங்களை மேற்பார்க்கும் 'ஸ்டூவர்ட்' என்ற பதவியின் பெயர். 12ஆம் நூற்றாண்டில் முதலாம் டேவிட் அரசனிடம் அப்பதவியைப் பெற்ற வால்டர், பிரான்சின் பிரிட்டனிப் பகுதியிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்தவன். அவன் வழியில் வந்த இரண்டாம் ராபர்ட் தாய்வழி உரிமையால் 1371இல் அரசனானான். வேற்று நாட்டிலிருந்து பிழைக்க வந்த அதிகாரியின் மரபு, போயிஸின் கைவண்ணத்தால், மாக்பெத்தின் வாளுக்குத் தப்பிய பழங்குடிப் பிரபுவின் மரபாயிற்று. சூரிய குலம், சந்திர குலம் என்று அரசர்க்கு வழிமுறை எழுதித் தந்த புலவர்களை அறிந்த நமக்கு இதில் வியப்படைய ஒன்றுமில்லை. போயிஸின் கற்பனையில் பிறந்தவன் சூரியனாக இல்லாமல், கொலையுண்டு பேயாகத் திரும்பி வரக்கூடிய மனிதனாக இருந்தான் என்பதே வேறுபாடு.

போயிஸின் கதையை ராஃபேல் ஹாலின்ஷெட் என்பவரின் ஆங்கில வரலாற்றுத் தொகுப்பு ஏற்றுக்கொண்டது. 1577இல் முதற்பதிப்பும் 1587இல் விரிவான இரண்டாம் பதிப்பும் கண்ட அந்நூலின் இரண்டாம் பதிப்பே ஷேக்ஸ்பியரின் மேசையில் இருந்தது. அதே காலத்தில், 1582இல், ஸ்காட்லாந்தின் பேரறிஞர் ஜார்ஜ் புக்கானன் தம் லத்தீன் வரலாற்றில் மாக்பெத்தைப் பற்றி எழுதும்போது, சிலர் சொல்லும் அற்புதச் செய்திகள் வரலாற்றுக்கு ஏற்றவை அல்ல, நாடக மேடைக்கே பொருத்தமானவை என்று கருதி அவற்றை விட்டுவிடுவதாகக் குறிப்பிடுகிறார். வரலாற்றாசிரியர் ஒருவர் இப்படி ஒதுக்கித் தள்ளிய பொருளை, கால் நூற்றாண்டுக்குள் ஒரு நாடகாசிரியர் எடுத்து ஆண்டார் என்பது சுவையான செய்தி. அதைவிடச் சுவையானது, புக்கானன் சிறுவனாயிருந்த ஆறாம் ஜேம்ஸ் அரசனுக்கு ஆசிரியராக இருந்தவர் என்பது. கொடுங்கோலரை மக்கள் நீக்கலாம் என்று அவர் எழுதிய நூலை அந்த மாணவனின் ஆட்சியிலேயே 1584இல் நாடாளுமன்றம் கண்டித்தது.

அந்த ஜேம்ஸ் 1603இல் இங்கிலாந்துக்கும் அரசனானான். அதே ஆண்டு மே மாதத்தில் ஷேக்ஸ்பியரின் குழு அரசரின் நாடகக் குழுவாயிற்று. ஸ்காட்லாந்தைப் பற்றி மேடையில் பேசுவது அப்போது ஆபத்தான வேலை. 1600 ஆகஸ்டு 5 அன்று பெர்த் நகரில் கவ்ரி ஏர்ல் தன்னைக் கொல்ல முயன்றதாகவும் தான் தப்பியதாகவும் ஜேம்ஸ் அறிவித்திருந்தான். அதை வைத்து இதே குழு 1604 டிசம்பரில் இருமுறை நாடகம் ஆடியபோது கூட்டம் அலைமோதியது. ஆனால் உயிருடன் இருக்கும் அரசரை மேடையில் காட்டியதால் உயரதிகாரிகள் சிலர் முகம் சுளித்ததாக அக்காலக் கடிதமொன்று தெரிவிக்கிறது. அந்நாடகத்தின் ஒரு வரிகூட இன்று இல்லை. அடுத்த ஆண்டு, ஸ்காட்டியரைக் கேலி செய்த 'ஈஸ்ட்வர்ட் ஹோ' நாடகத்துக்காகப் பென் ஜான்சனும் ஜார்ஜ் சாப்மனும் சிறை சென்றனர். ஸ்காட்டிய அரசனைப் பற்றி எழுத வேண்டுமானால் அவன் இறந்து ஐந்நூறு ஆண்டுகளாவது ஆகியிருப்பது நல்லது என்று குழுவினர் எண்ணியிருந்தால் அது தவறில்லை.

பாங்க்வோ கதை அரசரின் செவிக்கு இனிக்கும் என்பதற்கும் முன்னுதாரணம் இருந்தது. 1605 ஆகஸ்டில் ஜேம்ஸ் ஆக்ஸ்ஃபர்ட் சென்றபோது, செயின்ட் ஜான்ஸ் கல்லூரி வாயிலில் பெண்வேடமிட்ட மூவர், மாத்யூ க்வின் எழுதிய லத்தீன் வரிகளைச் சொல்லி, பாங்க்வோவின் வழித்தோன்றல் என்று அவனை வரவேற்றனர். அதே ஆண்டு நவம்பரில் நாடாளுமன்றத்தை வெடிமருந்தால் தகர்க்கும் சதி வெளிப்பட்டது. 1606 மார்ச்சில் அதன் தொடர்பாக ஹென்றி கார்னெட் என்ற இயேசு சபைப் பாதிரியார் விசாரிக்கப்பட்டபோது, சத்தியம் செய்துவிட்டு இரட்டைப் பொருளில் பேசித் தப்பும் உத்தி ஊர்ப்பேச்சாயிற்று. நாடகத்தில் கதவு தட்டப்படும்போது தள்ளாடி வரும் வாயிற்காவலன், இரட்டை நாக்குக்காரன் ஒருவனை நரகத்துக்குள் வரவேற்பது இந்த விசாரணையின் எதிரொலி எனப் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுவதால், நாடகம் 1606ஐ ஒட்டி எழுதப்பட்டது என்று கொள்கின்றனர்.

ஷேக்ஸ்பியர் தம் மூலத்தில் செய்த வெட்டும் ஒட்டும் தனியே கவனிக்கத்தக்கவை. ஹாலின்ஷெட்டில் டங்கன் கொலை ஓரிரு வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. மாக்பெத் தன் நண்பர்களிடம் எண்ணத்தைச் சொல்லி அவர்கள் துணையுடன் அரசனைக் கொல்கிறான். அந்நண்பர்களில் முதல்வன் பாங்க்வோ. ஆளும் அரசரின் மூதாதையைக் கொலைக்கு உடந்தையாக மேடையில் காட்ட முடியாது என்பதால், நாடகத்தில் பாங்க்வோ ஐயத்தோடு வாய்மூடி நிற்கும் நல்லவனானான். கொலைக்காட்சியை ஷேக்ஸ்பியர் அதே நூலின் முந்தைய பக்கங்களிலிருந்து, அதாவது 10ஆம் நூற்றாண்டில் இறந்த டஃப் அரசனின் கதையிலிருந்து எடுத்தார். ஃபாரஸ் கோட்டைத் தலைவன் டோன்வால்ட், மனைவியின் தூண்டுதலால், விருந்தினனாக உறங்கிய அரசனைக் கொல்வதும், காவலருக்கு மிதமிஞ்சி மது ஊட்டப்படுவதும், விடிந்ததும் ஒன்றுமறியாதவன்போல் அவன் அக்காவலரை வெட்டுவதும், சூரியன் மறைவதும், குதிரைகள் தம் தசையையே தின்பதும், ஆந்தை வல்லூறைக் கொல்வதும் அங்கிருந்து வந்தவை. கொலைக்குப் பின் உறக்கத்தைப் பறிக்கும் குரலோ, சகோதரன் மகனுக்கு நஞ்சிட்டுக் கொன்ற கென்னத் அரசனுக்கு இரவில் கேட்டதாக அந்நூல் சொல்வது. மூவரின் பாவத்தை ஒருவன் தலையில் சுமத்தி, அந்த ஒருவன் பத்தாண்டுகள் நல்ல சட்டங்கள் இயற்றி நீதியோடு ஆண்டான் என்று ஹாலின்ஷெட்டே எழுதியிருந்த பகுதியை அவர் முழுவதுமாக நீக்கிவிட்டார். வரலாற்றுக்கு இது அநீதி. ஆனால் மாக்பெத் தன் செயலின் எடையால் ஓரிரவுகூட உறங்க முடியாமல் நொறுங்கிப்போவதற்கு அந்தப் பத்தாண்டு அமைதி இடம் கொடுத்திருக்காது.

மூன்று பெண்களின் வடிவமும் இவ்வாறே மாறியது. அவர்களைக் குறிக்கும் 'வியர்ட்' என்ற அடைமொழி, பழைய ஆங்கிலத்தில் ஊழைக் குறித்த பெயர்ச்சொல்லிலிருந்து வந்தது. ஆகவே அவர்கள் முதலில் ஊழ்மகளிர். 1577ஆம் ஆண்டு ஹாலின்ஷெட் பதிப்பில் உள்ள மரச்செதுக்குப் படம், குதிரையில் வரும் இருவரின் எதிரே நல்ல ஆடையணிந்த மூன்று சீமாட்டிகளைக் காட்டுகிறது. நாடகத்தின் சூனியக்காரிகளுக்குரிய தாடியும் இல்லை, கொப்பரையும் இல்லை. ஆனால் அரசன் ஜேம்ஸ் சூனியத்தைப் பற்றி 1597இல் நூலே எழுதியவன். டென்மார்க்கிலிருந்து மணமகளை அழைத்துவந்தபோது எழுந்த புயலைச் சூனியக்காரிகள் கிளப்பியதாக 1590, 1591இல் நார்த் பெரிக் வட்டாரத்தில் நடந்த விசாரணைகளில் அவனே குற்றம் சாட்டப்பட்டோரிடம் நேரில் கேள்வி கேட்டான். அவர்கள் சல்லடையில் ஏறிக் கடலில் சென்றதாக அன்று வெளியான சிறுநூல் கூறியது. நாடகத்தின் சூனியக்காரி ஒருத்தி தானும் சல்லடையில் கடல் கடக்கப்போவதாகச் சொல்கிறாள். விண்டனின் கனவில் வந்த பெண்கள், சித்திரவதையின் வலியில் பிறந்த வாக்குமூலங்களின் சாயலை இப்படித்தான் பெற்றனர்.

நாடகத்தை அக்காலத்தில் பார்த்தவர்களுள் ஒருவர் எழுதிவைத்த குறிப்பு கிடைத்திருப்பது நல்வாய்ப்பு. சோதிடமும் மருத்துவமும் தொழிலாகக் கொண்ட சைமன் ஃபோர்மன், குளோப் அரங்கில் ஏப்ரல் 20ஆம் நாள் சனிக்கிழமை இதைப் பார்த்ததாக எழுதினார். அவர் குறித்த ஆண்டு 1610 ஆனாலும், அத்தேதி சனிக்கிழமையில் விழுந்தது 1611இல்தான். மாக்பெத்தும் பாங்க்வோவும் காட்டு வழியே குதிரையில் வந்ததையும், தேவதைகளோ வனமகளிரோ என்னும்படியான மூன்று பெண்கள் எதிர்ப்பட்டதையும், கையில் படிந்த ரத்தம் எவ்வளவு கழுவியும் போகாததையும், விருந்தில் மாக்பெத் எழுந்து நின்றபோது பாங்க்வோவின் ஆவி அவன் நாற்காலியில் அமர்ந்துகொண்டதையும் அவர் விவரிக்கிறார். அரசி உறக்கத்தில் நடந்து எல்லாவற்றையும் உளறியதையும், மருத்துவர் அவள் சொற்களைக் குறித்துக்கொண்டதையும் அவர் கவனித்தது தொழில் பழக்கத்தால் இருக்கலாம். கொப்பரையும், எட்டு அரசர்களின் வரிசையும், நகரும் காடும் அவர் குறிப்பில் இல்லை. எட்டாம் அரசன் ஏந்திவரும் கண்ணாடியில் மேலும் பல அரசர்கள் தெரிவது ஜேம்ஸின் குலத்துக்கு வாழ்த்தாக அமைந்த காட்சி. தலை துண்டிக்கப்பட்டு இறந்த அவனுடைய தாய் மேரிக்கு அவ்வரிசையில் இடமில்லை. அரசரின் பொருட்டுச் சேர்க்கப்பட்ட அந்த வரிசை, காசு கொடுத்துப் பார்த்த மருத்துவரின் நினைவில் ஒட்டவில்லை என்றே தோன்றுகிறது.

நாடகம் 1623இல் வெளியான முதல் தொகுப்பில்தான் அச்சேறியது. அதிலும் சூனியக்காரிகளின் இரு பாட்டுகளுக்கு முதற்சொற்கள் மட்டும் தரப்பட்டுள்ளன. முழுப் பாட்டுகள் தாமஸ் மிடில்டனின் 'த விட்ச்' என்ற நாடகத்தில் இருப்பதால், அவர் கை இதில் பட்டிருக்கிறது என்பது பொதுவான முடிவு. 1660களில் வில்லியம் டாவனன்ட் அப்பாட்டுகளை மேலும் பெருக்கி, சூனியக்காரிகளைக் கயிற்றில் பறக்கவிட்டு ஆடவும் பாடவும் செய்தார். நாட்குறிப்புக்குப் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ் அதைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்து, சோக நாடகத்தில் இவ்வளவு கேளிக்கை இருப்பது விந்தை என்றும் ஆயினும் பொருந்துகிறது என்றும் எழுதினார். 1744இல் டேவிட் காரிக் மூலத்துக்குப் பெரிதும் திரும்பியபோதும், தம் காலத்துப் படைத்தலைவரின் உடையிலேயே மாக்பெத்தாக நின்றார். 1773இல் சார்லஸ் மாக்ளின் லண்டன் மேடையில் ஸ்காட்டிய உடையைக் கொண்டுவந்தார். 1746ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஸ்காட்லாந்திலேயே ஆண்களுக்குத் தடைசெய்யப்பட்டிருந்த மலைநாட்டு உடை அப்போது லண்டன் நடிகருக்கு மட்டும் அழகாயிற்று.

1785 பிப்ரவரியில் ட்ரூரி லேன் அரங்கில் சாரா சிடன்ஸ் மாக்பெத்தின் மனைவியாக நடித்தார். உறக்கத்தில் நடக்கும் காட்சியில் முன்னோர் மெழுகுவர்த்தியைக் கையை விட்டு இறக்கியதில்லை. அவரோ அதை மேசைமேல் வைத்துவிட்டு இரு கைகளையும் தேய்த்துக் கழுவத் தீர்மானித்தார். அரங்கின் மேலாளரும் நாடகாசிரியருமான ஷெரிடன் ஒப்பனை அறைக்கே வந்து வேண்டாம் என்று தடுத்தும் சிடன்ஸ் கேட்கவில்லை. கைவிளக்கை இறக்கி வைத்தால்தானே கை கழுவ முடியும் என்ற எளிய நியாயம் மேடையின் நெடுநாள் வழக்கத்தை வென்றது. 1888இல் அதே வேடத்தில் எலன் டெரி அணிந்த பச்சை உடையில், பொன்வண்டு இனத்தின் மினுங்கும் சிறகோடுகள் ஆயிரம் அளவில் தைக்கப்பட்டிருந்தன. சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார், 1891இல் தோன்றிய சுகுண விலாச சபையின் மரபில், இந்நாடகத்தை 'மகபதி' என்ற பெயரில் தமிழாக்கினார். நாடகத்தின் பெயரை உச்சரித்தாலே தீங்கு வரும் என்னும் மேலைநாட்டு நடிகரின் அச்சத்துக்கு அந்தப் பெயர்மாற்றம் தற்செயலான பரிகாரமாகவும் அமைந்தது. அந்த அச்சத்துக்கு ஆதாரமாகச் சொல்லப்படும் கதை, முதல் அரங்கேற்றத்தன்று சிறுவன் ஒருவன் நோயுற்றதால் ஷேக்ஸ்பியரே பெண்வேடம் பூண்டார் என்பது. அதுவும் 1898இல் மாக்ஸ் பீர்போம் என்ற நகைச்சுவையாளர் பழைய ஆசிரியர் ஒருவர் தலையில் ஏற்றிச் சொன்னது. போயிஸுக்குப் பிறகும் அவரது கலை அழியவில்லை.

நாடகத்தை நினைவில் கொண்டு இன்று ஸ்காட்லாந்தின் காடர் கோட்டையைப் பார்க்கச் செல்வோர் டங்கன் இறந்த அறையைத் தேடுகின்றனர். அக்கோட்டையோ அவன் இறந்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலான பிறகு எழுந்தது. 2005இல் ஸ்காட்டிய நாடாளுமன்ற உறுப்பினர் சிலர் மாக்பெத்தின் பெயருக்கு நேர்ந்த களங்கத்தைத் துடைக்க வேண்டும் என்று தீர்மானம் முன்வைத்தனர். தீர்மானத்தைவிட மேடையே இதில் ஒரு படி முன்னே சென்றது. 2010இல் டேவிட் கிரெய்க் எழுதிய 'டன்சினேன்' நாடகம் மாக்பெத்தின் வீழ்ச்சியிலிருந்து தொடங்குகிறது: சிவார்டின் ஆங்கிலப் படை, தான் விடுவிக்க வந்த நாட்டின் மொழியும் குல உறவுகளும் புரியாமல் திகைக்கிறது, அரசனின் மனைவி சாகவில்லை, அவளுக்கு ஒரு மகனும் இருக்கிறான். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் அப்பெண்ணைக் கணவனின் பெயரைச் சேர்த்துத்தான் அழைக்க முடிகிறது, அவளுக்கென ஒரு பெயர் எந்த வரியிலும் இல்லை. கிரெய்க்கின் மேடையில் அவளை எல்லோரும் குரூவொக் என்று அழைக்கின்றனர். அந்தப் பெயரைக் காப்பாற்றி வைத்திருந்தது, பாலம் பழுதுபார்க்கும் ஊழியம் நீங்கிய கிர்க்னஸ் நிலத்தின் தானக்குறிப்பு.